மாசி வரும் தேசம்



பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா போய் வந்த ஒரு குடும்பத் தலைவியிடம், "நன்றாக ஓய்வு கிடைத்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குச் சிரிப்புத்தான் வரும். சோற்றுப் பானை, தாச்சி, மிளகாய்த்தூள் போத்தல், தேங்காய்த் திருவலை எல்லாம் வேனின் பின்புறத்தில் ஏற்றப்படுகின்றன. வாடகை பங்களாவில் வாப்பாவும் பிள்ளைகளும் வாவிக்கரையில் குதிரை பார்க்கப் போகிறார்கள். உம்மா ஐஸ் போன்ற தண்ணீரில் அரிசி களைகிறார். இரவு எல்லோரும் போர்வைக்குள் புகுந்த பிறகு பாத்திரம் கழுவுவதும் அவர்தான். இடம் மாறியது, அடுப்பு மாறியது. வேலை மாத்திரம் மாறவில்லை. இதற்கு நாம் "உல்லாசப் பயணம்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

குடும்பத்தோடு ஒரு முறை கடல் கடந்து போக அல்லாஹ் வசதி தந்திருந்தால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மாலைதீவைச் சொல்லுகிறேன். உடனே ஒரு மறுப்பு வரும். "மௌலவி, அது கோடீஸ்வரர்கள் போகிற இடமல்லவா? குடியும் கூத்துமான இடமல்லவா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி மாலைதீவைப் பற்றிய கேள்வி. மற்றப் பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றுள் 200 இற்கும் குறைவானவற்றிலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது நாடு. ஆனால் எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாய்ச் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோமீற்றர்தான். நமது கொழும்பு மாவட்டத்தின் பாதிகூட வராது. 1972 ஆம் ஆண்டு 'குரும்பா' என்ற பெயரில் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. (குரும்பை என்று நாம் சொல்லும் அதே சொல்தான், அங்கே இளநீருக்குப் பெயர்.) அன்று முதல், ஆளில்லாத தீவுகளை விடுதிக்காரருக்குக் கொடுத்து, ஊர்மக்களின் தீவுகளை அதற்குப் புறம்பாக வைத்திருப்பதே அந்நாட்டு அரசின் வழக்கமாக இருந்தது. விடுதித் தீவில் மது உண்டு. ஊர்த் தீவில் இல்லை. பத்திரிகைகளில் நாம் காணும் நீர்மேல் குடிசைகளின் படமெல்லாம் அந்த முதல் வகைத் தீவுகள். அங்கே போனவர் மாலைதீவு மக்களைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்ல முடியாது.

2009, 2010 ஆம் ஆண்டுக் காலத்தில்தான் நிலைமை மாறியது. ஊர்த் தீவுகளிலும் சிறிய தங்குமனைகளை நடத்தலாம் என்று அனுமதி கிடைத்தது. தலைநகர் மாலேக்குத் தெற்கே இருக்கும் மாஃபுஷி இதில் பெயர் பெற்றது. பின்னர் பல தீவுகள் பின்தொடர்ந்தன. வீட்டுக்காரரே நடத்தும் ஏழெட்டு அறைகள், காலைச் சாப்பாடு சேர்ந்த வாடகை, எட்டு நடையில் பள்ளிவாசல். உல்லாச விடுதியின் ஒரு நாள் செலவில் இங்கே ஒரு குடும்பம் பல நாட்கள் தங்கலாம். நாங்கள் போனது இப்படியான ஒரு சிறு தீவுக்குத்தான். மாஃபுஷி இன்று கடைத்தெருவாகிவிட்டது. அமைதி வேண்டுவோர் அதைவிடச் சிறிய தீவைத் தெரிவு செய்வது நல்லது என்பது எனது அபிப்பிராயம்.

கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. இறங்கிய இடத்திலேயே கட்டணமின்றித் தருகிறார்கள். விமான நிலையமே ஒரு தனித் தீவு. ஜன்னலால் பார்த்தால் இரண்டு பக்கமும் கடல்தான் தெரியும், சக்கரம் நிலத்தில் முட்டும்வரை பிள்ளைகளுக்கு மூச்சு வராது. இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். தொழுகை நேரத்தை இலங்கை நேரத்தை வைத்துக் கணிக்க வேண்டாம்.

தொழுகை என்றதும் பலர் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்து, இடையில் முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தால் சுருக்கித் தொழ முடியாது. மூன்று நாட்கள் என்றால் கஸ்ரும் செய்யலாம், ஜம்உம் செய்யலாம். பயணத்தில் அல்லாஹ் தந்த சலுகை அது. அதை எடுத்துக்கொள்ளத் தயங்குகிறவர்களில் பெண்களே அதிகம் என்பதைப் பல வருடமாய்க் கண்டிருக்கிறேன்.

தீவுக்குப் படகேறுமுன் மாலேயில் அரை நாளாவது செலவிடுங்கள். நெருக்கமான நகரம், மோட்டார் சைக்கிள் இரைச்சலில் காது அடைக்கும். ஆனால் அங்கே ஹுகுரு மிஸ்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பள்ளி என்று பொருள். 1658 இல் சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. செங்கல் இல்லை, கருங்கல் இல்லை. கடலடியிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். நீரிலிருந்து எடுத்தவுடன் அந்தக் கல் செதுக்க இலகுவாக இருக்குமாம், காய்ந்தால் இறுகிவிடும். சாந்து பூசாமலே ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தால் தையற்காரி விரித்த லேஸ் துணி போல இருக்கிறது. உள்ளே அரக்கு வேலை செய்த மரம், அதில் அறபு எழுத்து. முற்றத்திலுள்ள மையவாடியின் மீஸான்களைப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு தனிச் சித்திரவேலை.

பள்ளிக்கு எதிரே ஒரு ஸியாரம். இந்நாட்டை இஸ்லாத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அபுல் பரகாத் அவர்களுடையது. அவர் மொரோக்கோ பக்கத்து பர்பரீ என்று இப்னு பதூதா எழுதுகிறார். பாரசீகத்து தப்ரேஸைச் சேர்ந்தவர் என்பாரும் உண்டு. வருடம் ஹிஜ்ரி 548, அதாவது கி.பி. 1153. மாதத்துக்கு ஒரு முறை கடலிலிருந்து ஒரு ஜின் வருமாம், அதற்காக ஒரு கன்னிப் பெண்ணைக் கடற்கரைக் கோயிலில் இரவில் விட்டுவிட்டு வருவார்களாம். சீட்டு ஒரு கிழவியின் ஒரே மகளுக்கு விழுந்தபோது, அந்தப் பெண்ணுக்குப் பதிலாக அபுல் பரகாத் தானே போய் இரவு முழுவதும் குர்ஆன் ஓதினார். ஜின் திரும்பிப் போயிற்று. அரசர் இஸ்லாத்தை ஏற்றார். இது இப்னு பதூதா அங்கே கேட்டு எழுதிய கதை. ஜின் பகுதியை ஆராய்ச்சியாளர்களிடம் விட்டுவிடுவோம். ஒரு தேசம் தன்னுடைய இஸ்லாத்தின் கதையை, ஓர் ஏழைத் தாயின் மகள் உயிர் தப்பிய கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

இப்னு பதூதாவை நமக்கு ஆதம் மலைக்கு ஏறியவராகத் தெரியும். 1344 இல் அவர் இலங்கைக்கு வந்ததே மாலைதீவிலிருந்துதான். நல்ல வழிகாட்டி இல்லாமல் ஒன்பது நாட்கள் கடலில் கிடந்து வந்து சேர்ந்தார். அதற்கு முன் மாலேயில் காதியாக இருந்தார். அப்போது ஆட்சியில் இருந்தது ஒரு பெண், சுல்தானா கதீஜா. ஜும்ஆ குத்பாவில் அவருடைய பெயர் சொல்லித் துஆச் செய்தார்கள் என்று வியப்போடு எழுதுகிறார். அங்கத்தைய பெண்களின் உடையைத் திருத்தக் கட்டளையிட்டும் தன்னால் முடியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அவரே அங்கே நால்வரை மணமுடித்தார், போகும்போது தலாக் கொடுத்துவிட்டுப் போனார். இந்நாட்டுப் பெண்கள் தம் ஊரை விட்டு வெளியேறுவதில்லை என்று அதற்கு ஒரு காரணமும் எழுதி வைத்தார். அந்தப் பெண்களுக்கும் ஒரு பேனா இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்தும்போது நான் கேட்பதுண்டு. வகுப்பில் சிரிப்பு எழும், பிறகு அமைதியாகிவிடும்.

இன்னொன்றும் அவர் எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் ஒரு சாடி நிறையத் தண்ணீர், பக்கத்தில் அள்ளுவதற்குச் சிரட்டை. வருகிறவர் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். 680 வருடங்கள் கழிந்துவிட்டன. நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் சாடி இல்லை. சிறு குழாய் இருந்தது. மணல் காலோடு ஓடி வந்த எங்கள் பிள்ளைகளை வீட்டுக்காரப் பெண் அந்தக் குழாயைக் காட்டித் தடுத்தபோது, எனக்கு இப்னு பதூதா நினைவுக்கு வந்தார்.

சரி, தீவுக்கு வருவோம்.

வேகப் படகில் மாஃபுஷிக்கு முக்கால் மணி நேரத்துக்குள். பொதுப் படகென்றால் ஒன்றரை மணிக்கு மேல், ஆனால் செலவு மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள், அன்று படகு உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வெள்ளை மணல் தெரு. காலையில் பெண்கள் ஈர்க்கு விளக்குமாறோடு வந்து அந்தத் தெருவையே கூட்டுகிறார்கள். சுப்ஹுக்குப் பிறகு நடந்தால் மணலில் விளக்குமாற்றின் கோடு மட்டும் தெரியும், காலடி இராது.

மொழி புரியாதே என்று அஞ்ச வேண்டாம். திவேஹி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. எகேஹ், தேஹ், தினேஹ், ஹதரேஹ் என்று அவர்கள் எண்ணும்போது சிங்களம் தெரிந்த நம் பிள்ளைகள் கூடவே எண்ணிவிடுவார்கள். எழுத்து வலமிருந்து இடம். தானா என்று பெயர். முதல் ஒன்பது எழுத்தும் ஒன்று முதல் ஒன்பது வரையான அறபு இலக்கங்களிலிருந்து பிறந்தவை. உயிர்க்குறிகள் நமது ஸபர், ஸேர் போல மேலும் கீழும் இடப்படுகின்றன. என் இளைய மகள் கடைப் பலகை ஒன்றைப் பார்த்து ஓதத் தொடங்கி, பாதியில் நின்று, "வாப்பா, இது குர்ஆன் எழுத்து இல்லையே" என்று திகைத்துப் போனாள்.

இனிச் சாப்பாடு. காலையில் மேசைக்கு வருவது மாஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், கொச்சிக்காய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்தது. கூடவே ரோஷி என்ற மெல்லிய ரொட்டி. ஒரு வாய் வைத்ததும் என் மனைவி சொன்னார்: "இது நம்மட சம்பல்தானே!" அவர் சொன்னது சரி. மாஸ் என்றால் திவேஹியில் மீன். நமது அடுப்படியில் இடித்துப் போடும் மாசி, சிங்களச் சகோதரிகளின் உம்பலகட, இரண்டும் அங்கே சூரையை அவித்து, புகையூட்டி, விறகுபோலக் காயவைத்துக் கப்பலேற்றியவைதாம். இப்னு பதூதாவும் அந்த மீனைச் சாப்பிட்டு எழுதியிருக்கிறார். நூற்றாண்டுகளாக அரிசி இங்கிருந்தும் வங்காளத்திலிருந்தும் அங்கே போயிற்று; மாசியும் தும்புக்கயிறும் சோழியும் அங்கிருந்து வந்தன. அந்தச் சோழியை ஆபிரிக்காவின் மாலி நாட்டிலே தங்க தீனாருக்கு 1,150 என்று விற்கக் கண்டேன் என்கிறார் அதே மனிதர். பிரித்தானியப் பாதுகாப்பிலிருந்து மாலைதீவு விடுபட்ட உடன்படிக்கை 1965 ஜூலை 26 இல் கையெழுத்தானதும் கொழும்பில்தான். இன்றும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வந்து தங்கும் மாலைதீவுக் குடும்பங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அயல்வீட்டார்தான், நாம்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

கடலில் குளிப்பதைப் பற்றிப் பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆகவே நானே எழுதுகிறேன். ஊர்த் தீவுகளில் வெளிநாட்டார் அரைகுறை உடையோடு குளிக்க ஒரு துண்டுக் கரையை மறைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றக் கரையெல்லாம் ஊராருக்கு. அசருக்குப் பிறகு உம்மாமாரும் பெரியம்மாமாரும் முழு உடையோடு, தலையையும் மூடிக்கொண்டு, பிள்ளைகளோடு இறங்கிவிடுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் கரையோர ஊர்களில் எத்தனை பெண்கள் கடலை வாசலில் வைத்துக்கொண்டு, கல்யாணமான நாள் முதல் கால் நனைக்காமல் இருக்கிறார்கள்! அங்கே ஐம்பது வயதுப் பெண்ணொருவர் கழுத்தளவு நீரில் நின்று சிரித்ததை எங்கள் வீட்டார் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் அவர்களும் இறங்கினார்கள்.

கொஞ்சம் தடிப்பான, கடும் நிற, தளர்ந்த உடை இரண்டு சோடி கொண்டு போங்கள். உட்கடல் குளம்போல அமைதியானது; ஆனால் பவளப்பாறையின் விளிம்பு தாண்டினால் ஆழம் ஒரேயடியாய் இறங்கும், கால்வாய்ப் பக்கம் நீரோட்டமும் உண்டு. பிள்ளைகளை விளிம்புக்கு விடவே கூடாது. பாறைமேல் ஏறி நிற்கவும் வேண்டாம். அது கல்லைப் போலத் தோன்றினாலும் உயிருள்ளது. 1998 இலும் 2016 இலும் கடல் நீர் சூடேறி அந்தப் பவளம் பெருமளவு வெளுத்து மடிந்தது. மிஞ்சியதுதான் அந்நாட்டின் அத்திவாரம். கிளி மீன்கள் பாறையைக் கடித்துத் தின்று வெளியேற்றும் தூளே கரையின் வெள்ளை மணலில் பெரும்பங்கு என்று சொன்னதும் பிள்ளைகள் கையிலிருந்த மணலைக் கீழே போட்டுவிட்டார்கள்! சிப்பி பொறுக்கும் ஆசையில் பவளத் துண்டையோ ஆமை ஓட்டையோ பெட்டியில் வைக்காதீர்கள். நாட்டுக்கு வெளியே கொண்டுவரத் தடை.

பகலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், அதிகமில்லை. அரை மணி நேரத்தில் தீவைச் சுற்றி நடந்துவிடலாம். விலாங்கு போல நீண்ட மணல்திட்டுக்குப் படகில் போகலாம், டொல்பின் பார்க்கலாம். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப்பட்டது ஜோலி. இரும்புச் சட்டத்தில் கயிற்றை வலையாகப் பின்னிக் கட்டிய இருக்கை. வரிசையாக நாலைந்து சேர்த்து மரநிழலில் வைத்திருப்பார்கள். வீட்டு முன்னால் உந்தோலி என்ற ஊஞ்சல் கட்டில். அதில் யாராவது எப்போதும் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கென்றே ஒரு தளபாடம் செய்த சமூகம் அது. அங்கே மனைவி இரண்டாம் நாள் லுஹருக்குப் பின் சாய்ந்தவர் அசர் பாங்கு வரை எழும்பவில்லை. பிள்ளைகள் பசி என்று வந்தபோது நான் கூட்டிப் போய்ப் பக்கத்துக் கடையில் பஜியாவும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். ஆண்களே, மனைவியர் வாசித்த பிறகு இந்தப் பக்கத்தை எடுப்பீர்களானால், ஒன்று சொல்கிறேன்: சமையல் வசதியுள்ள அறை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். அந்தச் சேமிப்பு யாருடைய கையிலிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தீவின் மேற்குக் கரையில் ஒரு மஃரிப் நேரம் நின்றபோது, வீட்டுக்காரரிடம் 2004 டிசம்பர் 26 ஐப் பற்றிக் கேட்டேன். நம் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளைத் தின்ற அதே கடல், அதே காலை. அங்கே மலைபோல அலை எழவில்லையாம். கடல் ஒரு பக்கத்தால் ஏறி மறு பக்கத்தால் இறங்கிப் போயிற்று. நம் நாட்டில் 30,000 இற்கும் மேல். அங்கே 80 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் நாம் ஓட மேட்டு நிலம் இருந்தது. அவர்களுக்கு இல்லை. நாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீற்றர்தான். ரா அட்டோலில் கந்தொலுதூ என்ற ஊர் முழுவதும் வாழ முடியாதபடி போக, அந்த மக்கள் வருடக்கணக்கில் கூடாரங்களிலும் அயல் தீவுகளிலும் இருந்து, பின்னர் துவாஃபரு என்ற ஆளில்லாத் தீவில் புதிதாகக் குடியேறினார்கள். ஓர் ஊர் தன் பள்ளிவாசலையும் மையவாடியையும் விட்டுவிட்டுப் போவதென்றால் என்ன என்பது வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய நம் சகோதரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1987 இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்த பின் ஜப்பான் உதவியோடு நகரைச் சுற்றிக் கொங்கிரீட் சுவர் எழுப்பினார்கள். 2009 ஒக்டோபரில் அன்றைய ஜனாதிபதி முகம்மத் நஷீத், கடல் உயர்வதை உலகுக்குக் காட்ட அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டினார். கடலை நிரப்பி உயர்த்திய ஹுல்ஹுமாலே என்ற நகரம் 2018 இல் திறந்த பாலத்தால் மாலேயோடு இணைந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம், "பயமில்லையா?" என்று கேட்டேன். "மகன் ஹுல்ஹுமாலேயில் வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறான். நான் இந்த ஊர்தான்" என்றார். பிறகு பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார்.

போக எண்ணுபவர்களுக்குச் சில விடயங்கள். டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே மாதத்திலிருந்து தென்மேற்குக் காற்று, படகு ஆட்டும். கடல் ஒத்துவராதவர் ஓகஸ்ட் விடுமுறையைத் தவிர்க்கவும். நோன்பு மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். இஃப்தார் வேளை அழகு, ஆனால் சிறு பிள்ளைகளோடு சிரமம். தங்குமனை வாடகைக்கு மேலே ஆளுக்கும் நாளுக்குமாகப் பசுமை வரி ஒன்று உண்டு, மொத்தத் தொகையைக் கேட்டுப் பேசுங்கள். குடிநீர் பெரும்பாலும் மழைநீர் அல்லது கடல்நீரைச் சுத்திகரித்தது. வாளி வாளியாய் ஊற்றிக் குளிக்கும் நம் பழக்கத்தை அங்கே கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் நாளில் மாலே மீன் சந்தைக்கு அருகே மாசி விற்கிறார்கள். நல்ல மாசி இரண்டைத் தட்டினால் மரக்கட்டை போலச் சத்தம் கேட்கும். வெட்டுமுகம் உள்ளே செம்மையாக மினுங்கும். பூஞ்சணம் பிடித்ததை மலிவென்று வாங்காதீர்கள். இரண்டு பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி, தொழுகை உடுப்புகளுக்குத் தூரமாக, பெட்டியின் அடியில் வையுங்கள்.